எட்டு நட்சத்திரம் பெற்ற குளிர்

அப்புத்தளை,
09.01.2004

மரியாதைக்குரிய மச்சான் தர்மராசா அவர்களுக்கு,

தாங்களும் குடும்பத்தாரும் சுகமாயிருக்க இறைவன் அருள்வாராக. 'நாங்களும் சுகம்' என்று தொடர்வதே முறை. இம்முறை அந்தப் பொய்யை எழுத என் விரல்கள் மறுக்கின்றன. அவை விறைத்திருப்பதும் ஒரு காரணம்.

தங்கள் தங்கை வதனியின் முழங்கால்கள் இந்தப் பனியில் மடங்குவதில்லை என்பது தங்களுக்குத் தெரியும். "தைப்பொங்கலுக்குள்ள இந்த வீடு சூடாகாட்டி நான் வெள்ளவத்தைக்கு அண்ணனிட்டப் போறன். சித்திரைக்குத்தான் இனி உங்கட முகத்தில முழிப்பன்" என்று அவள் அறிவித்தபோது தங்களிடம் தொலைபேசியில் யோசனை கேட்டேன். தாங்கள் பொறியியலாளர். "சூடும் குளிரும் தாற ஏசி ஒண்டை வாங்குங்கோ. ஸ்டார் கூடினதாப் பாத்து எடுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். எனக்குப் பின்னால் சேர்ந்தவனைப் பள்ளிக்கூட அதிபராக்கியபோதும் "பொறுங்கோ, அடுத்த முறை வரும்" என்று இதே நீளத்தில்தான் ஆறுதல் சொன்னீர்கள்.

பதுளையில் ஸரூக்கின் மின்சாதனக் கடைக்குப் போனேன். இரண்டு இயந்திரங்கள் இருந்தன, ஒன்று சிறியது, மற்றது பெரியது. ஒவ்வொன்றிலும் ஒரு காகிதம் ஒட்டி, குளிருக்கு நீல நட்சத்திரம், சூட்டுக்குச் சிவப்பு நட்சத்திரம் என்று போட்டிருந்தார்கள். நான் இருபத்திரண்டு வருடமாகக் கணிதம் படிப்பிப்பவன். இரண்டு பாடத்துப் புள்ளிகளையும் கூட்டினேன். சிறியதற்கு ஐந்தும் மூன்றும் எட்டு. பெரியதற்கு மூன்றும் நான்கும் ஏழு. வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையை எடுத்தேன். "ரூம் எவ்வளவு பெரிசு சேர்?" என்று ஸரூக் கேட்டான். என் வீட்டின் நீள அகலம் வியாபாரிக்கு எதற்கு என்று பதில் சொல்லவில்லை.

அதை வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய ஹோலில் பொருத்தினோம். மேலே புகைபோக்கி வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. அது போகட்டும், பின்னேரம் விளக்கு வைக்கும் நேரம் வந்ததும் வதனி முன்கதவை விரியத் திறந்தாள். சூடு போகிறதே, மூடு என்றேன். "லட்சுமி வாற நேரம் கதவைப் பூட்டச் சொல்லுறியளோ? நல்ல மனுசன்!" என்றாள். லட்சுமி எந்த நிமிடத்தில் வருவாள் என்று யாருக்கும் தெரியாததால் சாப்பாட்டு நேரம் வரை கதவு திறந்தே கிடந்தது. இயந்திரமோ வாசலுக்கு நேர் எதிரே. பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்துக் கந்தப்பன் படியில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டு, "ஐயா, ஒங்க வாசல்ல நல்லா கதகதன்னு இருக்குங்க. வீட்ல உள்ளவுகளையும் கூட்டிட்டு வரட்டுங்களா?" என்கிறான். உள்ளே நான் காதுவரை மப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஸரூக்கை அழைத்து ஏசினேன். அவன் சொல்கிறான்: "ஸ்டார் சூட்டச் சொல்றல்ல சேர். கரண்ட் எவ்வளவு மிச்சமாகும் எண்டுதான் சொல்ற. ஒரே சைஸ் மெஷின் ரெண்ட வெச்சுத்தான் ஸ்டார் பாக்கோணும். அதிலயும் உங்களுக்கு என்னத்துக்கு நீலம்? அப்புத்தளையில குளிரயும் காசு குடுத்து வாங்குவாங்களா?" இதைத் தாங்களல்லவா எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்? நட்சத்திரம் பார் என்றவர் எந்த நிறம் என்று சொன்னீர்களா? முதலில் அறையை அள, இடுக்குகளை அடை, பிறகு கடைக்குப் போ என்று சொன்னீர்களா? தங்கையை வெள்ளவத்தைக்கு இழுத்துக்கொள்ளத்தான் பாதி யோசனை சொன்னீர்கள் என்று நான் நினைத்தால் அதில் என்ன பிழை? அவள் சூட்கேசைக் கட்டிலுக்கு மேல் வைத்துவிட்டாள். பொங்கலுக்கு மறுநாள் வான் ஒன்று அனுப்புங்கள். அதில் இயந்திரமும் வரும், அவளும் வருவாள். இரண்டையும் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். சோறு வடிக்க எனக்குத் தெரியும். இதுவரை வடித்ததில்லை, அவ்வளவுதான்.

தங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். தங்களுக்கு, வயதில் மூத்தவர் என்பதால் மட்டும், வணக்கம்.

இப்படிக்கு,
க. தனேஸ்வரன்

பி.கு: மேலுள்ளதை எழுதி மூன்று நாளாகிறது. எழுதியதை வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். வான் வேண்டாம். நேற்று வதனி டெக்னீஷியனைக் கூப்பிட்டு, நான் கல்வித் திணைக்களத்துக்கு எழுதிய மனுக்களின் பிரதிகளை அடுக்கி வைத்திருந்த சின்ன அறைக்கு இயந்திரத்தை மாற்றுவித்தாள். மனுக்கள் இப்போது ஹோலில் குளிரில் விறைக்கின்றன. லட்சுமிக்கு முன்கதவு திறந்தேயிருக்கிறது, எங்கள் அறைக் கதவு மூடியிருக்கிறது. மப்ளரைக் கழற்றிவிட்டேன். சூட்கேஸ் மறுபடி அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டது. "அண்ணன் சொன்னது சரிதானெண்டு ஒரு வரி எழுதுங்கோவன்" என்று வதனி காலை நீட்டிக்கொண்டு சொல்கிறாள். தாளில் இடமில்லை.