ஐந்தடி பதினோரு அங்குல அதிகாரி

ஒரு பெரிய அதிகாரி ஒரு சின்ன ஊருக்கு வந்து போக ஒரு ஜீப் போதும். அவர் வரப்போகிறார் என்பதற்குத்தான் ஓர் இலாகாவே வேண்டும். எந்த இலாகா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் திண்டிவனத்தில் பந்தல் சாமான் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன். அவர்கள் தயவு எனக்கு வேண்டும்.

1958 வைகாசியில், திண்டிவனத்துக்கு மேற்கே ஏழு மைலில் இருக்கும் வேலம்பாக்கத்துக்கு அதிகாரி "விஜயம் செய்ய உத்தேசித்திருப்பதாக" விழுப்புரத்திலிருந்து தாக்கீது வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கை: "விஜயத்துக்கு முன் ஒத்திகை நடத்தப்பட வேண்டும். ஒத்திகையானது எல்லா வகையிலும் உண்மை விஜயத்தைப் போலவே, எள்ளளவும் பிசகாமல் இருத்தல் வேண்டும்."

திண்டிவனம் ஆபீஸ் ஹெட் கிளார்க் சீனுவாசன் சுற்றறிக்கை என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்கிறவர். அவருக்கு உடனே ஒரு கவலை வந்தது. ஒத்திகையில் அதிகாரியாக யார் உட்காருவது?

"நீங்களே உக்காருங்களேன் சார்" என்றேன்.

அவர் காதைப் பொத்திக்கொண்டார். "குமாஸ்தா மேலதிகாரி நாற்காலியில உக்காந்தா வேலை போயிடும்யா. விதியில இருக்குது."

"பியூன் உக்காந்தா?"

விதிப் புத்தகத்தை மூன்று தடவை புரட்டினார். பியூனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பியூன் அந்த நாற்காலியில் உட்காருவான் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது.

அதிகாரியின் உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். அலங்கார வளைவு தலையில் இடிக்கக் கூடாதென்று அளவெடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆபீசில் அந்த உயரத்துக்கு இருந்தவர் பியூன் மண்ணாங்கட்டி ஒருவர்தான். அவரை ஜீப்பில் ஏற்றினோம், மாலை போட்டோம், வேலம்பாக்கத்தில் என் பந்தலுக்குக் கீழே ஜமக்காளம் விரித்து நாற்காலி போட்டு உட்கார வைத்தோம்.

"யோவ், 'ஆவன செய்யப்படும்'னு ஒரு வார்த்தைதான் சொல்லணும். வேற பேசப்படாது" என்றார் சீனுவாசன்.

"சரிங்க சார்" என்றார் மண்ணாங்கட்டி.

மனு கொடுக்கும் கட்டம் வந்தது. அதற்கு ஊரிலிருந்து கெங்கம்மாளைக் கூப்பிட்டிருந்தார்கள். இது ஒத்திகை என்று அவளிடம் யாராவது சொன்னார்களோ இல்லையோ, எனக்குத் தெரியாது.

"சாமி, ஐப்பசி மழைக்கு எங்க ஓடையில ஆளு முழுவுற தண்ணி ஓடும். போன வருஷம் என் மருமவளை வலியோட வண்டியில வச்சிக்கினு கரையிலயே நின்னேன். தண்ணி வடியறதுக்குள்ள புள்ள செத்துப் போச்சு. இப்ப என் பொண்ணு அம்சாவுக்கு நாலு மாசம். நாலு சிமிட்டி கொழா போட்டு மேல மண்ணைக் கொட்டினாப் போதும் சாமி. வண்டி ஆஸ்பத்திரிக்குப் போயிடும்."

அவள் அழவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மண்ணாங்கட்டி சொல்லிக் கொடுத்ததை மறந்துவிட்டார். "இதுக்கு இன்னாத்துக்கும்மா மனு? நாளைக்கே போட்டுக் குடுக்கச் சொல்றேன், போ" என்றுவிட்டார்.

சீனுவாசன் கையை வீசித் தடுத்தார். சுருக்கெழுத்துக்காரர் அதற்குள் எழுதி முடித்துவிட்டார். எழுதியதை அடிக்கலாமா? சர்க்கார் காகிதத்தில் அடிப்பது குற்றம். 'இது ஒத்திகை' என்று ஓரத்தில் குறிக்கலாமா? குறித்தால் உண்மை விஜயத்திலிருந்து பிசகிவிடும். ஆகவே, "முகாமில் அதிகாரி நேரில் இட்ட உத்தரவு" என்று நம்பர் போட்டு விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள்.

அதிகாரி வரவில்லை. சட்டசபை கூடிவிட்டதாம். ஆனியில் மறுபடி தேதி, மறுபடி ஒத்திகை. அப்போதும் வரவில்லை, அவர் பெண்ணுக்கு நிச்சயதார்த்தமாம். ஆடியில் மூன்றாவது ஒத்திகை. மூன்றுக்கும் பந்தல் என்னுடையதுதான் என்பதால் எனக்கு அதிகாரிமேல் வருத்தம் ஒன்றும் இல்லை.

முந்தைய உத்தரவுகள் என்ன ஆயின என்று அதிகாரி கேட்க வேண்டும் என்பதும் நிகழ்ச்சி நிரலில் உண்டு. மண்ணாங்கட்டி கேட்டார்.

"கொழா வந்துச்சா?"

"இன்னும் இல்லீங்க சார்" என்றார் சீனுவாசன்.

"அந்தப் பொண்ணுக்கு ஆறு மாசம் ஆவுது. ஜல்தியா ஆவட்டும். இல்லாட்டி உமக்குத்தான் பேஜாரு."

"உத்தரவுங்க" என்று சீனுவாசன் கைகட்டி நின்றார். காலையில் அதே மண்ணாங்கட்டியை டீ வாங்க அனுப்பியவர் அவர். மூன்றாவது பூமாலைக்குப் பிறகு யார் யாரென்று எங்களுக்கே குழம்பத் தொடங்கியிருந்தது.

புரட்டாசியில் விழுப்புரத்திலிருந்து லாரியில் நாலு குழாய் வந்து இறங்கியது, மேலே மண்ணும் விழுந்து பாலமாயிற்று. ஐப்பசியில் ஓடை இரு கரையும் தொட்டு ஓடியபோது அம்சாவின் வண்டி அதன்மேலேயே போயிற்று. பெண் குழந்தை, தாயும் சேயும் சௌக்கியம்.

தை மாதம் நிஜ அதிகாரி வந்தார். மாலை, வளைவு, அவித்த மல்லாட்டைக் கடலை எல்லாம் தயார். மனு மட்டும் இல்லை. ஊரில் குறையே இல்லையா என்று அவர் முகம் வாடிவிட்டது.

"பாலம் கேட்டோங்க. நம்ம பெரியவரு போட்டுக் குடுத்துட்டாரு" என்று, ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மண்ணாங்கட்டியைக் காட்டினாள் கெங்கம்மாள். பிறகு மரியாதையாக, "நீங்க யாருங்க?" என்று கேட்டாள்.

விசாரணை நடந்தது. பாலம் தவறு என்றால் அதற்குக் கையெழுத்துப் போட்ட பதினான்கு பேரும் குற்றவாளிகள். பதினான்காவது கையெழுத்து அதிகாரியுடையது, படிக்காமல் போட்டது. ஆகவே பாலம் சரி. பாலம் சரி என்றால் உத்தரவும் சரி. உத்தரவு சரி என்றால் அதை இட்டவர் அதிகாரியாகத்தான் இருந்தாக வேண்டும். எனவே மண்ணாங்கட்டியை வைகாசி முதல் தேதியிலிருந்தே "ஒத்திகை அதிகாரி"யாக நியமித்து, முன்தேதியிட்டு உத்தரவாயிற்று. தனி அறை, சுழல் நாற்காலி, வாசலில் ஒரு பியூன். நம் ஆள் ஒருவன் மேலே போனானே என்று வேலம்பாக்கமே கொண்டாடியது. பந்தல் என் இனாம்.

அடுத்த ஆவணியில் கெங்கம்மாள் அவர் அறைக்கு வந்தாள். பந்தல் விஷயமாக நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"சாமி, ஒரு கொழா ஒடைஞ்சி மண்ணு உள்வாங்கிடுச்சு. வண்டி ஏற மாட்டேங்குது. என் மருமவளுக்கு இப்ப ஏழு மாசம். அதே ஐப்பசிதான் சாமி."

மண்ணாங்கட்டி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஆவன செய்யப்படும்" என்றார்.

"எப்போங்க?"

"நான் நேர்ல விஜயம் பண்ணிப் பாக்கணும்மா. அதுக்கெல்லாம் விதி இருக்குது."

கெங்கம்மாள் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்: "இவரு வர்றதுக்கு முன்னால ஒத்திகை உண்டுங்களா?"

உண்டு. ஐந்தடி பதினோரு அங்குலத்தில் ஆள் தேவை என்று வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். இன்று காலை ஒரு சவுக்குக் கழியில் கோடு போட்டு என்னை அளந்து பார்த்தேன். முக்கால் அங்குலம் குறைகிறது. கழுத்தில் மாலை விழும்போது கொஞ்சம் எம்பி நின்றால் தெரியாது. கெங்கம்மாளுக்கு என்ன பதில் சொல்வேன் என்கிறீர்களா? நாளைக்கே போட்டுக் கொடுக்கச் சொல்வேன். முதல் ஒத்திகையில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.