பனியனுக்குள் ஐந்நூறு யூரோ

எனக்குத் தொண்ணூறாம் வாய்ப்பாடு அத்துப்படி. பள்ளிக்கூடத்தில் பதிமூன்றாம் வாய்ப்பாட்டுக்கே பேந்தப் பேந்த முழித்தவன்தான் நான். ஆனால் பாரிசுக்குப் பக்கத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்த இரண்டு வாரத்தில், யூரோவில் எந்த விலையைப் பார்த்தாலும் கண் இமைப்பதற்குள் தொண்ணூறால் பெருக்கி ரூபாயாக்கி, உடனே நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டேன். ஒரு காபி இருநூற்று இருபத்தைந்து ரூபாய். அரை லிட்டர் தண்ணீர் நூற்றெண்பது. ரயில் நிலையக் கழிப்பறைக்குள் போக மட்டும் தொண்ணூறு. (போகவில்லை. அக்கா வீடு வரும்வரை அடக்கிக்கொண்டு வந்தேன். அந்த நாற்பது நிமிடத்தில் எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டுவிட்டேன்.)

நான் போனது ஊர் சுற்ற இல்லை. அக்கா மகள் ஜூலிக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கோயிலில் பூசை முடிந்ததும் உறவுக்காரர்களுக்கு ஓட்டலில் விருந்து. அந்த விருந்துச் செலவு என்னுடையது என்று புதுச்சேரியில், சாரத்து வீட்டில் இருக்கும்போதே முடிவு கட்டியிருந்தேன். அதற்குக் காரணம் உண்டு. ஜூலியின் ஞானஸ்நானத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒருவராலும் போக முடியவில்லை. டிக்கெட்டுக்குக் காசில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அக்காவின் மாமியார் பத்துப் பேர் முன்னால், "தாய்மாமன் இல்லாத புள்ள மாதிரி நிக்கிது" என்று சொல்லிவிட்டாராம். அக்கா அதைப் போனில் சொல்லி அழுதாள். அந்த அழுகை ஒன்பது வருடமாக என் காதிலேயே கிடந்தது.

அதனால் சீட்டுப் போட்டேன், எடுத்தேன், புதுச்சேரியில் பணம் மாற்றும் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். சின்ன நோட்டாக வாங்கிக்கொள்ளுங்கள், கைச்செலவுக்கு வசதி என்று இரண்டு தரம் சொன்னார். நான் கேட்டால்தானே? தாய்மாமன் சபையில் சில்லறையை எண்ணிக்கொண்டு நின்றால் நன்றாகவா இருக்கும்? ஐந்நூறு யூரோவை ஒரே நோட்டாகத் தரச் சொன்னேன். அவர் அலமாரியின் அடியிலிருந்து அதைத் தேடி எடுத்துத் தந்தார். ஊதா நிறத்தில் அவ்வளவு அழகாக இருந்தது. என் மனைவி என் பனியனின் உள்பக்கம் ஒரு பை வைத்து, அதற்குள் நோட்டைப் போட்டு, நாலு பக்கமும் தைத்துவிட்டாள்.

இப்போது என் நிலைமை புரிகிறதா? பிரான்சில் நான் ஐந்நூறு யூரோ வைத்திருந்தேன், ஆனால் ஐந்து பைசா இல்லை. நோட்டை மாற்றினால் விருந்துக்குக் குறையும். எனவே எனக்குப் பசிக்கவில்லை, தாகமில்லை, காபிப் பழக்கத்தை விட்டுவிட்டேன், ஆற்றில் படகில் போனால் தலைசுற்றும். அக்கா எனக்காக ஒரு வாரம் லீவு போட்டிருந்தாள். எங்கே கூப்பிட்டாலும், "வெளிய நின்னு பாத்தா போதும்க்கா" என்பேன். அவள் டிக்கெட் எடுக்கப் போனால் கையைப் பிடித்து இழுப்பேன். நான்காம் நாள் அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தம்பிக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை போல என்று மாமாவிடம் அடுக்களையில் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். என் வீம்பு விடவில்லை.

புதுநன்மை அன்று ஜூலி வெள்ளை உடுப்பில் தேவதையாக இருந்தாள். ஓட்டலில் நாங்கள் பன்னிரண்டு பேர். எனக்கு நேர் எதிரே அக்காவின் மாமியார், எனக்கு அத்தை முறை. அவரும் புதுச்சேரிதான், கதிர்காமத்துக்காரர், பிரான்சுக்கு வந்து நாற்பது வருடமாகியும் பார்வையில் கொஞ்சம்கூடச் சாந்தம் சேரவில்லை. நான் எழுந்து, இன்றைய விருந்து தாய்மாமன் செலவு என்று அறிவித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அத்தை மட்டும் தட்டவில்லை. முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

பில் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு. (பெருக்கினேன். பெருக்கியிருக்கக் கூடாது.) நோட்டை எடுக்கக் கழிப்பறைக்குப் போனேன். நகத்தால் பிரித்துப் பார்த்தேன், பல்லால் கடித்துப் பார்த்தேன், அசையவில்லை. என் மனைவி கப்பல் பாய் தைப்பதைப் போலத் தைத்திருந்தாள். மேசைக்குத் திரும்பி வந்து, வெண்ணெய் தடவும் கத்தியைச் சட்டைக்குள் விட்டு, பன்னிரண்டு பேர் பார்க்க, என் நெஞ்சை நானே அறுத்துக்கொண்டேன். ஒருவழியாக நோட்டு வெளியே வந்தது. பத்து நாள் வியர்வையில் ஊறி, அவித்த கீரை மாதிரி இருந்தது.

பரிசாரகர் அதைத் தொடவே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். இருநூறு, ஐந்நூறு யூரோ நோட்டுகள் வாங்கமாட்டோம் என்று எழுதியிருந்தது. பள்ளியில் பிரெஞ்சில் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் எடுத்தவன் நான்; நன்றாகவே புரிந்தது. நல்ல நோட்டுதான், ஆனால் இங்கே எந்தக் கடையிலும் பெரும்பாலும் வாங்கமாட்டார்கள் என்று மாமா மெதுவாகச் சொன்னார். ஒன்பது வருடம் கழித்து வந்தும், அக்காவை அதே மாமியார் முன்னால் மறுபடியும் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று இருந்தது.

அப்போது மேசைக்குக் கீழே என் உள்ளங்கையில் எதுவோ சொருகப்பட்டது. அக்காவின் கார்டு. என் காதருகே குனிந்தாள்.

"நம்பர் உன் பொறந்தநாள்டா. தேதியும் மாசமும். நீயே அழுத்து."

அவள் பேங்கில் நம்பரை நாமே வைத்துக்கொள்ளலாமாம். பரிசாரகர் மிஷினை நீட்டினார். நான்கு எண்களை அழுத்தினேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் மூன்றாவது எண்ணைத் தப்பாக அழுத்தி, அழித்து, மறுபடி அழுத்தினேன். கடல் கடந்து வந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, இந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டாள் என்று நான் நினைத்திருந்த அக்கா, காய்கறி வாங்கும்போதும் பிள்ளைக்குச் செருப்பு வாங்கும்போதும் இத்தனை வருடமாக என் பிறந்தநாளை அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறாள். நானோ பத்து நாளாக அவளோடு உட்கார்ந்து ஒரு காபி குடிக்கவில்லை. மிஷின் திரையில் 'கோட் போன்' என்று பிரெஞ்சில் வந்தது. எண் சரி என்று அர்த்தம்.

வெளியே வந்ததும் அத்தை என் பக்கத்தில் வந்து நின்றார். கார்டு கைமாறியதை அவர் பார்த்திருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

"பனியன்ல தச்சினு வந்த பாரு, அது போதும்யா" என்றார். பிறகு உறவுக்காரர்கள் பக்கம் திரும்பி, ஜூலிக்குத் தாய்மாமன் விருந்து வைத்துவிட்டான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

மறுநாள் அக்காவும் நானும் ஆற்றோரக் கடையில் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு காபி குடித்தோம். விலைப் பட்டியலைப் பார்க்கக் கூடாது என்று அவள் என் கண்ணைப் பொத்தினாள். விருந்துக்காசை அவள் கடைசிவரை வாங்கிக்கொள்ளவில்லை. நோட்டு என்னோடேயே திரும்பி வந்தது. அதே கடைக்காரர், கசங்கிய கோலத்தைப் பார்த்துச் சிரித்தபடி, வாங்கும் விலை வேறு விற்கும் விலை வேறு என்று மூவாயிரம் ரூபாய் குறைத்துத்தான் மாற்றித் தந்தார். அந்தப் பணத்தில் ஜூலிக்கு ஒரு சங்கிலி எடுத்து அனுப்பினேன்.

நம்பரை மாற்றச் சொல்லி மாமா இன்னும் அக்காவிடம் சண்டை போடுகிறார். குடும்பம் முழுக்கத் தெரிந்துபோன நம்பரை எவளாவது வைத்திருப்பாளா என்கிறார். அவள் மாற்றவில்லை. ஒவ்வொரு வருடமும் என் பிறந்தநாளன்று காலையில் பிரான்சிலிருந்து ஒரு குரல் செய்தி வரும். ஜூலிக்கு இப்போது பதினாறு வயது, வாழ்த்தெல்லாம் சொல்லமாட்டாள். "மாமா, கோட் போன்" என்பாள். பின்னால் அக்கா சிரிப்பது கேட்கும். நான் அதை அன்று முழுவதும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.