கைப்பிடியில் போட்ட முடிச்சு

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். உங்கள் சுகத்தை உங்கள் தங்கை தினமும் போனில் அரை மணி நேரம் விசாரித்துவிடுவதால் நான் வேறு தனியாக விசாரித்தால் அது வெறும் சம்பிரதாயமாகத்தான் இருக்கும். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது, விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளவும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். எங்களுடையது இரண்டே அறை. நான் ஒரு அறையில் குரலைத் தாழ்த்திப் பேசினால் அடுத்த அறையில் தையல் மெஷின் சத்தம் நின்றுவிடும். நீங்களோ ஸ்பீக்கரில் போடாமல் யாரிடமும் பேசுவதில்லை. ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நான் விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக்கொண்டு தனியாகக் குதிக்கப்போகிறேன். குதித்தால் அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாக உங்கள் தங்கை சொல்லியிருக்கிறாள். பெட்டி கட்டிலின் மேல் திறந்தபடி கிடக்கிறது. அவள் உங்கள் வீட்டுக்குக் கிளம்புவது புதிதல்ல. நான் மிக்ஸியைப் பிரித்துவிட்டு மூன்று திருகாணிகளை மிச்சம் வைத்தபோதும் கிளம்பினாள், அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள். ஆனால் இந்தத் தடவை பெட்டிக்குள் அளவெடுக்கும் டேப்பையும் இரண்டாவது மூக்குக்கண்ணாடியையும் வைத்திருக்கிறாள். டேப் இல்லாமல் அவள் ஒரு நாள் இருந்து நான் பார்த்ததில்லை. நீங்கள்தான் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

போன வாரம் நீங்கள் எனக்கு இரண்டு கேள்விகள் அனுப்பியிருந்தீர்கள். அறுபத்தொரு வயதில் இது தேவையா என்பது ஒன்று, பாலிசிப் பத்திரத்தை எங்கே வைத்திருக்கிறேன் என்பது இன்னொன்று. முப்பது வருடம் இன்சூரன்ஸில் இருந்தவர் என்பதால் இரண்டாவதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் கேள்விக்குப் பதில்: நான் முப்பத்துநாலு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன். என் கையெழுத்து விழுந்த லிஃப்ட் எதுவும் கீழே விழுந்ததில்லை. கயிறே அறுந்தாலும் இருபக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கொண்டு நிற்கிற பிரேக் ஒன்று ஒவ்வொரு லிஃப்டிலும் உண்டு, அதைச் சோதித்து, கம்பி கட்டி, ஈய முத்திரை அடித்துவிட்டுத்தான் படியிறங்குவேன். ஓய்வு பெற்ற அன்று ஆபீஸ் பையன்கள் எல்லாம் சேர்ந்து கேலிக்காகப் பாராசூட்டில் ஒரு தடவை குதிப்பதற்கான கூப்பன் கொடுத்தார்கள், "சார், இத்தனை வருஷம் யாரையும் விழ விடல, நீங்க ஒரு தடவை விழுந்து பாருங்க" என்று. உங்கள் தங்கை அதை அலமாரியில் போர்வைக்கு அடியில் வைத்தாள். போர்வை எடுக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது. மச்சான், ஒருத்தன் வாழ்நாள் முழுக்க ஒரு காரியத்தைத் தடுத்துக்கொண்டே இருந்துவிட்டு, அது எப்படித்தான் இருக்கும் என்று கூடத் தெரியாமல் போய்ச் சேரலாமா?

முதல் முறை பயிற்சியாளர் தன் வயிற்றோடு என்னைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு குதித்தார். அதில் நான் செய்தது எதுவுமில்லை, வாயை மூடச் சொன்னார், மூடவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் முறையாகப் பயிற்சியில் சேர்ந்தேன். எங்கள் பயிற்சியாளருக்கு மைதானத்தில் 'ஒத்தவார்த்தை' என்று பெயர். "வளை" என்பார், உடம்பை வில்லாக வளைக்க வேண்டும். "பார்" என்பார், மணிக்கட்டில் உள்ள உயரமானியைப் பார்க்க வேண்டும். "இழு" என்றால் இழுக்க வேண்டும். இதையெல்லாம் நான் வீட்டிலும் பயின்றேன். இஸ்திரி போடுகிற மேஜையில் குப்புறப் படுத்து, கையையும் காலையும் மேலே தூக்கி, "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா ரவிக்கை வாங்க வந்தார், என்னைப் பார்த்தார், உங்கள் தங்கையிடம் "எத்தனை நாளா இப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டு ரவிக்கையை வாங்காமலே போய்விட்டார். தரையில் இறங்கும்போது உருள்வது எப்படி என்று கட்டிலிலிருந்து உருண்டு பார்த்ததில் கட்டில்கால் ஒன்று போனது, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார், நான் விளக்கினேன், அவர் இப்போது என்னோடு லிஃப்டில் வருவதில்லை. விமானக் கதவில் நிற்பதாக நினைத்துக் குளியலறை வாசற்படியில் நின்று "முன்னே, பின்னே, குதி" என்று பயின்ற கதையை உங்கள் தங்கை ஏற்கனவே ஸ்பீக்கரில் சொல்லியிருப்பாள்.

ஆனால் ஏழு தடவை குதித்துவிட்டேன், மச்சான். ஏழு தடவையும் ஒத்தவார்த்தை பக்கத்தில் பறந்து வந்தார், ஏழாவது தடவை அவர் ஒரு வார்த்தை கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், விழுவது விழுவது மாதிரியே இல்லை. வயிறு தூக்கிப் போடும் என்று நினைத்திருந்தேன், போடவில்லை. காற்று கீழேயிருந்து தாங்குகிறது, மெத்தையில் படுத்த மாதிரி. அப்புறம் பாராசூட் விரிந்ததும் சட்டென்று ஒரு அமைதி. அந்த அமைதியில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உங்கள் தங்கைதான். இதை அவளிடம் சொல்ல வேண்டாம், பெட்டியில் இன்னும் இரண்டு சாமான் ஏறும்.

சாதனங்கள் விஷயத்திலும் நீங்கள் கவலைப்படத் தேவையில்லை, கெடுபிடியான ஒரு அம்மா இருக்கிறார். பாராசூட்களை மடிப்பதும் பழுது பார்ப்பதும் அவர் பொறுப்பு. கழுத்தில் எப்போதும் கத்தரிக்கோல் தொங்கும், பேச்சும் அதே கூர்மை, ஆகவே 'கத்தரிக்கோலம்மா'. அஞ்சு தடவை குதித்த கையோடு நான் சொந்தமாக ஒரு பாராசூட் வாங்க நினைத்தேன். எங்களோடு குதிக்கிற பஸ் டிரைவர் தன்னுடைய பழையதை விற்கிறார், சிவப்பும் நீலமுமாக, சின்னதாக, கச்சிதமாக, எல்லாரும் அதைக் 'கைக்குட்டை' என்பார்கள்.

"எத்தனை தடவை குதிச்சிருக்கீங்க?" என்றார் கத்தரிக்கோலம்மா.

"அஞ்சு."

"அவர் ஐநூறு. சின்னது வேகமாப் போகும், வேகமாத் தரைக்கு வரும். உங்க முட்டி தாங்குமா?"

"முப்பத்துநாலு வருஷம் மாடிப்படி ஏறின முட்டிம்மா."

"ஏறின முட்டி தேஞ்சுதான் இருக்கும்," என்று சொல்லி, பயிற்சிக்காரர்களுக்கான பெரிய பாராசூட்டையே மறுபடி என் கையில் கொடுத்தார். அதன் பெயர் 'கூடாரம்'. அதில் தொங்கினால் இறங்குகிறோமா நிற்கிறோமா என்றே சந்தேகம் வரும். இதுதவிர முதுகுப்பையில் அவசரத்துக்கு இரண்டாவது பாராசூட், அதைத் திறக்க இடது மார்பில் பிடுங்கி இழுக்கிற ஒரு உலோகக் கைப்பிடி, நாம் மயங்கிக் கிடந்தால் தானே அதைத் திறந்துவிட ஒரு சின்னப் பெட்டி. அந்த இரண்டாவது பாராசூட்டைக் கத்தரிக்கோலம்மா மடித்து, நூல் கட்டி, ஈய முத்திரை வைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் தொழில்காரர் ஒருவரை வானத்துக்குப் போகிற வழியில் பார்க்கிறேனே என்று.

இனி சொல்லப்போவது உங்களுக்கு மட்டும். எட்டாவது குதிப்புக்காகச் சாதனங்களைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் காத்திருந்தேன். அந்த உலோகக் கைப்பிடி லேசாக ஆடியது. ஆடுகிற எதையும் நான் முப்பத்துநாலு வருடமாகச் சும்மா விட்டவனில்லை. பாக்கெட்டில் உங்கள் தங்கை பை தைக்கிற நைலான் நூல் இருந்தது. இரண்டு சுற்று சுற்றி, பட்டையோடு சேர்த்து ஒரு முடிச்சு போட்டேன். ஆட்டம் நின்றது. எனக்கும் திருப்தி.

விமானம் ஏறும் முன் ஒவ்வொருவரையும் இன்னொருவர் தொட்டுத் தொட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எனக்குக் கத்தரிக்கோலம்மா. நெஞ்சுக்கு வந்ததும் கை நின்றது.

"இது யார் போட்ட முடிச்சு?"

"நான்தான்," என்றேன், பெருமையாகவே.

"நல்ல முடிச்சு."

"நன்றிம்மா."

"அவிழுமா?"

"அவிழவே அவிழாது," என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

அப்போதும் விடவில்லை நான். "அதான் தானே திறக்கிற பெட்டி இருக்கே" என்றேன். "பிரேக் இருக்கேன்னு லிஃப்ட் கயித்தை நீங்களே அறுத்து விடுவீங்களா?" என்று கேட்டார். முப்பத்துநாலு வருடத்தில் என்னை யாரும் அப்படி மடக்கியதில்லை. கழுத்திலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினார், வெட்டிய நூலை என் கையிலேயே கொடுத்தார். விமானம் நான் இல்லாமல் போனது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தப்பு செய்தவன் பாராசூட் மடிக்கும் கூடத்தில் பெஞ்சின் மேல் ஏறி நின்று, தன் தப்பைத் தன் வாயாலேயே எல்லாருக்கும் சொல்ல வேண்டும். திட்டுவதற்கில்லை, அடுத்தவன் அதைச் செய்யாமல் இருப்பதற்கு. ஊரார் தப்பையெல்லாம் மூன்று பிரதியில் எழுதிக் கொடுத்த நான், என் தப்பைச் சொல்லப் பெஞ்சில் ஏறினேன். பன்னிரண்டாயிரம் அடியில் எதையும் பிடிக்காதவன், மச்சான், அந்த இரண்டடி உயரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். நூலைத் தூக்கிக் காட்டிச் சொன்னேன். யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன், ஒருத்தரும் சிரிக்கவில்லை. பல் டாக்டர் ஒருவர் குனிந்து தன் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பஸ் டிரைவர் கை கொடுத்து இறக்கிவிட்டார். எங்களோடு குதிக்கிற கணக்கு டீச்சர் ஒருவர் சுவரில் தொங்குகிற நோட்டில் தேதி போட்டு எழுதினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஏதோ ஒரு வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட மாதிரியும் இருந்தது.

மூன்று வாரம் தரையிலேயே இருந்தேன், மடித்தேன், மற்றவர்களைச் சரிபார்த்தேன். போன ஞாயிறு கத்தரிக்கோலம்மா, "அடுத்த வாரம் தனியாக் குதிக்கலாம். முடிச்சு விஷயத்தை வீட்ல சொன்னீங்கல்ல?" என்றார். நான் உயரமானியைப் பார்த்தேன். "வீட்ல மறைக்கிறவர் இங்கேயும் ஒரு நாள் மறைப்பார். சொல்லிட்டு வாங்க, அப்பத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்று போய்விட்டார். சொன்னால் கட்டிலின் மேல் கிடக்கிற பெட்டி மூடும். சொல்லாவிட்டால் விமானம் இல்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: அவளுக்குப் போன் செய்து, எங்கேயோ யாரோ ஒரு பெரியவர் இப்படி முடிச்சு போட்டாராம் என்று ஆரம்பியுங்கள். "யார் அந்தக் கிறுக்கன்?" என்பாள். "ஆனா ஒளிக்காம ஒத்துக்கிட்டாராம்" என்று சொல்லுங்கள். அவள் "அது பரவாயில்லை" என்று இழுக்கிற இடத்தில் என் பெயரை உள்ளே விட்டுவிடுங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குப் பயம் என்பது துளியும் இல்லை. அவள் தடுக்காமல் இருந்தால் போதும். நான் மைதானத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் அவள் "ம்" என்று மட்டும் சொல்கிறாள். "போயிட்டு வாங்க" என்று சொல்லி மூன்று மாதமாகிறது. அது மட்டும்தான் எனக்குக் குறை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி, லிஃப்டில் துள்ளிக் குதிக்க வேண்டாம் என்று சொல்லவும். பாலிசிப் பத்திரம் அதே போர்வைக்கு அடியில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
எட்டாவது குதிப்புக்குத் தயாராக இருக்கும்
மைத்துனன்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடித் தையல் டப்பாவைக் குடைந்துவிட்டு வருவதற்குள், மேஜை மேல் இருந்த இந்தக் கடிதத்தை உங்கள் தங்கை நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டாள். முப்பத்துநாலு வருடம் முத்திரை வைத்தவன் இதற்கு வைக்க மறந்துவிட்டேன். "நைலான் நூல்கண்டை நாலு வாரமாத் தேடுறேன்" என்றாள் முதலில். அப்புறம் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "ஒளிக்காமச் சொல்லணும்னு தோணிச்சே, அது போதும். ஞாயித்துக்கிழமை போயிட்டு வாங்க" என்றாள்.

மச்சான், அவள் தடுப்பாள் என்ற தைரியத்தில்தான் நான் இத்தனை நாள் தைரியமாக இருந்திருக்கிறேன் போலிருக்கிறது. அவள் அதைச் சொன்ன நிமிஷத்திலிருந்து வயிறு தூக்கிப் போடுகிறது, கட்டிலில் படுத்திருக்கும்போதே. ஆகவே மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். உடனே போன் போட்டு, ஸ்பீக்கரிலேயே போட்டு, அண்ணன் என்ற முறையில், என்னைக் கண்டிப்பாகத் தடுக்கும்படி அவளிடம் சொல்லுங்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் போன் செய்து பயனில்லை, நான் மேலே போயிருப்பேன். அவளும் கூட வருகிறாளாம், மைதானத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.