இடுக்கன் என்பது எழுத்துப்பிழை அன்று

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்தோடு எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். அத்தானின் இருமல் மருந்துக்கு நிற்காவிட்டாலும் உன் அதட்டலுக்காவது நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

என் மகளுக்காக அத்தானின் அலுவலகத்தில் ஒரு நாற்காலி பிடித்து வைத்திருக்கிறாய், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்கிறாய். பதில்: வேண்டாம். "இருபத்தெட்டு வயசுல பொம்மை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா, நீயும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே" என்று நீ தொடங்குமுன் நடந்ததை முழுக்கக் கேள்.

அவள் எழுதி வரையும், ஊரைக் காக்கும் சூரப்புலி ஒருவனின் படக்கதை ஐந்து இதழ் வந்துவிட்டது, நான் ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. முப்பத்து நான்கு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவனுக்குப் பறக்கிற ஆளோடு என்ன பேச்சு என்று இருந்துவிட்டேன். போன மாதம் பதிப்பாளர் ஆறோடு நிறுத்திக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார். அன்று மாலை அவள் ஆறாவது இதழின் தாள்களை என் மேசையில் வைத்து, "கடைசி இதழ்ப்பா. ஒரு தடவை பிழை பாத்துக் குடுங்க" என்றாள். சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பிலேயே நாயகன் பெயர் இடுக்கன் என்று இருந்தது. இரண்டு சுழி 'ன்' போட்டு இப்படி ஒரு சொல்லே கிடையாதே, துன்பம் என்றால் இடுக்கண் அல்லவா என்று நாற்பத்தோரு இடத்திலும் மூன்று சுழி ஆக்கி, பெற்ற பிள்ளைக்கு 'ண்' தெரியவில்லையே என்று மனம் நொந்து கூப்பிட்டேன். "அப்பா, அவன் இடுக்குல நடக்கிறவன். அதான் இடுக்கன். துன்பம் இல்ல" என்றாள். "மூஞ்சியைப் பாத்தா துன்பமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நாற்பத்தொன்றையும் ரப்பர் போட்டு அழித்தேன், கை வீங்கிவிட்டது.

அக்கா, உனக்கும் சொல்லிவிடுகிறேன். படக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே வெள்ளையாக ஓர் இடுக்கு இருக்கும், நாம் கவனிக்கவே மாட்டோம். இந்தக் கட்டத்தில் ஒருவன் மாடியிலிருந்து விழுவான், அடுத்ததில் தரையில் கிடப்பான், நடுவில் நடந்ததை யாரும் வரைவதில்லை. அந்த இடுக்குக்குள் காலை வைக்கத் தெரிந்தவன் நம் ஆள். லிஃப்ட் ரிப்பேர் செய்து பிழைக்கிறான். உள்ளே போய் விழுகிறவனைத் தாங்கி இறக்கிவிட்டு, அடுத்த கட்டத்தில் ஒன்றும் தெரியாதவன்போல ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருப்பான். இதெல்லாம் அப்போது எனக்கு எங்கே தெரிந்தது? "நாயகன் கை கட்டத்துக்கு வெளியே நீண்டிருக்கிறது, உள்ளே தள்ளவும்" என்று ஓரத்தில் எழுதினேன். "வில்லனின் பேச்சு வில்லனின் முகத்தையே மறைக்கிறது, பேச்சைக் குறைக்கவும்" என்று எழுதினேன். ஒரு பக்கத்தில் இடுக்கன் நேராகத் திரும்பி என்னையே பார்த்தான். "யாரைப் பார்க்கிறார்? விளக்கவும்" என்று எழுதினேன்.

பிறகு அவன் அம்மா வந்தாள். ஒரு கட்டத்தில் குளியலறை வாசலில் துண்டோடு நிற்கிறாள், அடுத்த கட்டத்தில் விழுந்து கிடக்கிறாள். ஊரையே தாங்கியவன் அன்று வேறு பக்கத்தில் இருந்தான். இப்போது அந்த இடுக்கைத் தேடிப் போகிறான். நான்கு பக்கம் முழு வெள்ளை, அடியில் அவன் காலடித் தடம் மட்டும். முதல் வெள்ளைப் பக்கத்தில் "அச்சுக் கோளாறு" என்று எழுதினேன். இரண்டாவதில் "படம் எங்கே?" என்று எழுதினேன். மூன்றாவதில் என் கை நின்றுவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் நம் வீட்டுக் குளியலறையில் என் மகளின் அம்மா எப்படிப் போனாள் என்று உனக்குத் தெரியும், நீதானே கூட இருந்தாய். அதைப் பற்றி நானும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நான்காவது பக்கத்தில், "அவனைக் கொஞ்ச நேரம் தனியாக விடவும்" என்று எழுதித் தாள்களைக் கொடுத்துவிட்டேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் என்ன வெட்கம்.

புத்தகம் கடைக்குப் போய் ஒரு வாரம் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. பிரித்தால், பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் சிவப்பாக என் கிறுக்கல் கையெழுத்து. பென்சில் குறிப்பு அத்தனையும் அச்சாகியிருக்கிறது. பிள்ளையின் கடைசிப் புத்தகத்தைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதிர்ச்சி என்று நினைத்தேன். செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு அச்சகத்துக்கு ஓடி மேஸ்திரியைப் பிடித்து உலுக்கினேன். அவர் நிதானமாக, "வந்ததை அடிச்சோம் சார். கதையில ஆளே கட்டத்துக்கு வெளிய நிக்கிறாரு, ஓரத்துல ஒருத்தரு திட்டிக்கிட்டே வர்றாரு. எங்க ஆளுங்க சிரிச்சுக்கிட்டே அடிச்சாங்க, கடைசியில யாரும் சிரிக்கல" என்றார். அவரோடு பேசிப் பயனில்லை என்று, இருக்கிற பிரதிகளையாவது அலமாரியிலிருந்து இறக்கச் சொல்லலாம் என்று புத்தகக் கடைக்குப் போனால், அலமாரி காலி. மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டதாம். கல்லாவில் இருந்த பெண், "அந்த ஓரத்துக்காரர் யாருன்னு தெரியுமா சார்? எல்லாரும் கேக்கிறாங்க" என்றாள். தெரியாது என்று சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன், முழங்கால்கூட வலிக்கவில்லை.

பதிப்பாளர் மறுநாள் கூப்பிட்டார். கதை நிற்கவில்லை, பன்னிரண்டு இதழுக்கு ஒப்பந்தம். ஓரத்துக்காரர் ஒவ்வொரு இதழிலும் வந்தாக வேண்டும் என்று நிபந்தனை. ஆக, அச்சகத்தின் ஒரு தவறும் என் பென்சிலும் சேர்ந்து உன் மருமகளைக் காப்பாற்றிவிட்டன. நானே இடுக்கன் என்று சொல்லிக்கொண்டால் மிகையில்லை. அத்தானிடம் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். ஆறு இதழையும் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படி.

அத்தானுக்கு என் வணக்கம். நீ நூறு வருடம் இருந்து என்னைத் திட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி (ஓரத்துக்காரன்)

பி.கு.: உறையை ஒட்டுமுன் மகள் இதைப் படித்துவிட்டாள். அச்சகத்தில் யாரும் தவறு செய்யவில்லையாம். குறிப்புகளை அப்படியே சிவப்பில் போடச் சொன்னதே அவள்தானாம், நான் மேஸ்திரியை உலுக்கியதற்கு அன்றைக்கே போய் மன்னிப்பும் கேட்டிருக்கிறாள். ஆகவே மேலே நான் யாரையோ காப்பாற்றியதாக எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். ஏனம்மா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "அஞ்சு இதழ் நீங்க பிரிக்கவே இல்ல. இதை ஒரு பக்கம் விடாம படிச்சீங்கப்பா. அதை எப்பிடி அழிக்கச் சொல்றீங்க?" என்றாள். அதற்குமேல் எனக்குத் திருத்த ஒன்றும் இல்லை.