சவ்வு சாரும் சிவப்பு டிரம்மும்

தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டை மறக்கிற மனிதர் காரைக்குடியில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இருந்தார். பெயரைச் சொன்னால் வாட்ச்மேனுக்கே தெரியாது. சவ்வு சார் என்றால் பஸ் ஸ்டாண்டு வரை தெரியும். நான் அங்கே ஸ்டோர் கீப்பர், கையெழுத்தில்லாமல் பஞ்சுகூடக் கொடுக்காத கறார் பேர்வழி.

அப்பளம்போல் வெள்ளையாக ஒரு சவ்வு செய்வார். அழுக்குத் தண்ணீரை விட்டால் மறுபக்கம் தெளிந்து சொட்டும். அதன்முன் மோவாயில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். ஜன்னல் வெயில் மேசையிலிருந்து இறங்கித் தரையைக் கடந்து சுவரேறிப் போய்விடும், மனுஷர் அசையமாட்டார்.

"வடிகட்டிதானே சார்?" என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன்.

"இல்லய்யா. கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற தாய்மாமன் மாதிரி. தண்ணியப் போகவிட்டுரும். சாயத்தை மட்டும் கையப் பிடிச்சு உக்கார வச்சுக்கிரும்."

மெஸ் ரசத்தையும் அதில் விட்டார். நிறம் போனது, மணம் போனது, உப்பு மட்டும் மிச்சம். சமையல்காரர் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வச்ச ரசம் சார் இது" என்றார். ரெண்டு நாள் சாருக்கு மோர்தான்.

மானகிரியில் தெய்வானை அக்கா நூலுக்குச் சாயம் போடும் கொட்டகை வைத்திருந்தார். கழிவு பக்கத்துத் தோட்டத்துக்குள் ஓடியதால், வெள்ளிக்கிழமைக்குள் தெளியாவிட்டால் பூட்டுவோம் என்று அதிகாரிகள் சொல்லிப் போனார்கள். சார் வியாழன் காலையிலேயே பம்பும் சவ்வுமாக என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கொட்டகையில் இருந்த இரண்டு டிரம்மிலும் சிவப்பு. ஒன்றில் குழாயைப் போட்டார், முதல் சொட்டு விழுந்தது, கனவில் இறங்கிவிட்டார். மதியம் அக்கா வந்து பார்த்து அப்படியே நின்றார்.

"அண்ணே, கழிவு இங்குட்டு இருக்கு. அங்குட்டு நீங்க எடுத்தது கல்யாணச் சேலைக்குக் கரைச்ச சாயம்ண்ணே."

"தெளிவா வந்திருக்குல்ல?" என்றார் சார். அதற்கப்புறம்தான் அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. சாயமும் போச்சு, சவ்வும் அடைத்துப் போச்சு, விடிந்தால் வெள்ளி.

அக்கா அழவில்லை. "பூட்டு வாங்கி வச்சிருப்பாக" என்றார் மெதுவாக.

"ஸ்பிரிட்ல கழுவுனா சவ்வு பிடிச்ச கையை விட்டுரும்யா" என்று சார் என்னைப் பார்த்தார். பைக்கை எடுத்துக் கல்லூரி ஸ்டோருக்குப் போய், கையெழுத்தில்லாமல் ஒரு கேன் ஸ்பிரிட் கொண்டு வந்தேன்.

கழுவக் கழுவச் சவ்விலிருந்து சிவப்பு மெல்ல மெல்ல இறங்கி வந்தது. ஸ்பிரிட் ஆவியாய்ப் பறந்ததும் சாயம் மிஞ்சியது. வெள்ளைக்குத் திரும்பிய சவ்வில் கழிவை விட்டோம். இந்த முறை குழாயை நான்தான் பிடித்தேன். மறுநாள் வந்த அதிகாரிகள் தண்ணீரைப் பாட்டிலில் தூக்கிப் பார்த்துவிட்டுப் பூட்டை எடுக்காமலே போனார்கள். மிஞ்சிய சாயத்தில் தோய்த்த நூலில் நெய்த சேலை கொஞ்சம் வெளிறித்தான் வந்தது. பெண் வீட்டார் அந்த நிறத்திலேயே இன்னும் நாலு கேட்டார்கள்.

சார் வடக்கே வேலை கிடைத்துப் போய்விட்டார். கொட்டகையில் அவர் சவ்வு இன்னும் ஓடுகிறது. திருப்பத்தூர் போகும்போது இறங்கிப் பார்ப்பேன். போன வாரம் அக்கா தோளைத் தட்டினார்.

"காபி ஆறிப்போச்சுண்ணே. வந்து ஒரு மணி நேரமாச்சு. நீங்களும் அவுகளாட்டம் ஆயிட்டீக."

"அவரு இருந்தா நல்லாருக்கும்க்கா" என்றேன். அக்கா காபியைச் சுடவைக்க எடுத்துப் போனார். நான் இன்னும் கொஞ்ச நேரம் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.