புனல் வைத்தியர்

கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம்! தகரப் புனலைக் காலில் வைத்துக் காது கொடுத்தாலே போதும், ரத்தம் கெட்டியா தண்ணீரா என்று சொல்லிவிடுவாராம் புனல் வைத்தியர். ஆய்வுக்கூடங்களை இழுத்து மூடிவிட்டு ஆளுக்கொரு புனல் வாங்க வேண்டியதுதான் பாக்கி.

அங்கே போனவர்களில் நம் தையல்காரரும் ஒருவர். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர். அதில் ரத்தம் கட்டினால் உயிருக்கே ஆபத்து என்பதால் தினமும் ஒரு மாத்திரை. ஒருநாள் ஊசி விரலில் குத்தி, ரத்தம் நிற்கச் சற்று நேரமானது. "ஐயோ, ரத்தம் தண்ணியாப் போச்சே!" என்று ஓடினார். வைத்தியர் புனலில் கேட்டார். "மாத்திரைய நிறுத்து. நம்ம பொடியச் சாப்பிடு." இரண்டு நாளாக மாத்திரை டப்பாவில், பொடி வயிற்றில்.

மனைவி அழுதாள். அவளுடைய அண்ணன், பழைய லாரி டிரைவர், அழவில்லை. "வாங்க மாப்ளே, எனக்கும் பாக்கச் சொல்லுவோம்."

வைத்தியர் அண்ணனின் கால்சட்டைக்கு மேலேயே புனலை வைத்தார். துணியெல்லாம் அவருக்கு ஒரு தடையா? இடது காலில், "பரவால்ல." வலது காலில், "அடேயப்பா! வெள்ளமா ஓடுதே!"

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க சாமி."

"சளசளன்னு கேக்குதுய்யா!"

அண்ணன் கால்சட்டையைச் சுருட்டினார். டொக் டொக்கென்று தட்டினார். விபத்துக்குப் பிறகு பொருத்திய பிளாஸ்டிக் கால்! கழற்றி வைத்தியர் மடியில் வைத்தார். "தாகமா இருக்கு. ஒரு டம்ளர் பிடிச்சுக்கலாமா?"

கூட்டத்தின் சிரிப்பு அடங்குவதற்குள் வைத்தியர் பின்வாசல் வழியாக மறைந்தார். புனல் மட்டும் அநாதையாகக் கிடந்தது.

தையல்காரரை அண்ணன் நேரே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். நல்லவேளை, ரத்தம் கட்டவில்லை. நர்ஸ் பொரிந்து தள்ளினாள். "மாத்திரை ரத்தத்தைத் தண்ணியாக்காதுங்க. உறையறதைத் தாமதமாக்கும், அவ்ளோதான். ஊசி குத்துனா அழுத்திப் பிடிங்க. நிக்கலன்னா உடனே வாங்க. அளவு சரியான்னு ரத்தப் பரிசோதனை சொல்லும், புனல் சொல்லாது. நீங்களா நிறுத்தாதீங்க, விட்டதுக்குச் சேத்து ரெண்டா முழுங்காதீங்க. எங்களக் கேக்காம எந்தப் பொடியும் வேணாம்!"

தையல்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "புத்தி வந்துச்சும்மா."

திரும்பும் வழியில் பார்த்தால், வைத்தியர் வாசலில் வரிசை இன்னும் கலையவில்லை. ஒருவர் அண்ணனை நிறுத்திக் கேட்டார். "அப்போ, இடது காலுக்குச் சொன்னது சரிதானே?"

பிளாஸ்டிக் காலிலேயே ரத்தத்தை ஓடவிட்ட மகாஜனங்களே, கொஞ்சம் மூளைக்கும் ஓடவிடுங்கள்!