ரேவாவைக் கண்டுபிடித்தவர்கள்

பம்பாய் வர்சோவாவில் காக்கைக்கு அடுத்தபடியாக அதிகம் தென்படும் உயிரினம் எது என்று யாராவது உங்களைக் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: நடிகை ரேவாவைக் கண்டுபிடித்தவர். டீக்கடையில் ஒருவர் நிற்பார். சலூனில் ஒருவர் முகம் நிறைய சோப்பு நுரையோடு சாய்ந்திருப்பார். கடற்கரையில் காலை நடைக்குப் போனால் எதிரே மூன்று பேர் வருவார்கள், மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காததுபோலப் போவார்கள்.

ரேவாவையா தெரியாது என்கிறீர்கள்? சும்மா விளையாடாதீர்கள். ஜபல்பூரில் ரயில்வே குமாஸ்தாவின் மகளாகக் குஸும்லதா பச்சௌரி என்று பிறந்து, பம்பாய்க்கு வந்து ரேவா ஆகி, முதல் படத்தில் கதாநாயகியின் தங்கையாக வந்து இடைவேளைக்கு முன்பே செத்துப்போய், இரண்டாவது படத்தில் தானே கதாநாயகியாகி அருவி அருவியாக நனைந்து, நனைந்தது அலுத்ததும் தலையே வாராமல் ஒரு கலைப்படத்தில் நடித்து அரசாங்க விருது வாங்கி, கல்யாணம் செய்துகொண்டு 'இனி எனக்குக் குடும்பம்தான்' என்று பேட்டி கொடுத்து, குடும்பம் அலுத்ததும் 'இனி எனக்குக் கலைதான்' என்று பேட்டி கொடுத்து, எந்த நாயகனோடு காஷ்மீர்ப் பனியில் கட்டிப் புரண்டாரோ அதே நாயகனுக்குத் தாயாக நடித்து (நாயகர் அப்போதும் கல்லூரியில் கடைசி வருஷம்தான் படித்துக்கொண்டிருந்தார்), இப்போது செல்பேசித் தொடர்களில் நீதிபதியாக உட்கார்ந்து எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறாரே, அந்த ரேவா. அந்த மூக்கு! சற்றே நீளமாக, நுனியில் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்த அந்த மூக்கின் பெயரைச் சொல்லி ஜவேரி பஜாரில் மூக்குத்தி விற்றார்கள். வாங்கிப் போட்டவர்கள் யாருக்கும் அது பொருந்தவில்லை என்பது வேறு விஷயம்.

இத்தனையையும் அந்தப் பெண்மணி தாமாகவே செய்துகொண்டார் என்றா நினைக்கிறீர்கள்? எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். அவருக்கு ரேவா என்று பெயர் வைத்தவரே இங்கே ஆறேழு பேர். நடக்கக் கற்றுக்கொடுத்தவர், அழக் கற்றுக்கொடுத்தவர், அழுத பிறகு மூக்கைச் சிந்தக் கற்றுக்கொடுத்தவர் என்று தனித்தனியாக இருக்கிறார்கள். ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் விற்கிற ஆள்கூட, "என் கையால தின்ன உடம்பு சார் அது" என்பான்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். தாமாகப் பேச்சைத் தொடங்கமாட்டார்கள். ரேவாவின் படம் போட்ட பேருந்து போகும்வரை காத்திருப்பார்கள். போனதும் ஒரு பெருமூச்சு. "ஹூம், குஸும்..." என்பார்கள். ரேவா என்று சொல்வது உங்களைப் போன்ற பொதுமக்கள். அவர்களுக்கு அவர் என்றைக்கும் குஸும்தான். "அவளைத் தெரியுமா உங்களுக்கு?" என்று நீங்கள் கேட்டே தீர வேண்டும். கேட்டீர்களா? தீர்ந்தது. அன்றைக்கு நீங்கள் போக வேண்டிய ரயில் போய்விடும். கடைசியில் பணப்பையிலிருந்து ஒரு புகைப்படம் வெளிவரும். அதில் ரேவா சிரித்துக்கொண்டு நிற்பார், பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள், ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரியும். "அது என் கைதான்" என்பார்கள்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி, எங்கள் கட்டடத்து மூன்றாவது மாடி ஓங்கார் நிகம். பழைய துணை இயக்குநர். கடைசியாக அவர் வேலை பார்த்த படம் எதுவென்று அவருக்கே மறந்துவிட்டது, ஆனால் அவரைக் கட்டடத்தில் யாரும் மறக்கவில்லை. காரணம் ஒன்றே ஒன்று. கோரேகாவ் ஸ்டுடியோ ஒன்றின் வாசலில், கொட்டுகிற மழையில், கையில் போட்டோக்களோடு நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து, "வாட்ச்மேன், கேட்டைத் திற! இந்தப் பொண்ணு முகத்துல வெளிச்சம் இருக்கு" என்று சொன்னவர் நிகம் சாப். அவர் சொல்லித்தான் நமக்கெல்லாம் தெரியும். முதலில் சொன்னபோது வெறுமனே கேட்டைத்தான் திறந்தார். அடுத்த ஹோலிக்குத் தம் குடையையும் கொடுத்துவிட்டிருந்தார். அதற்கடுத்த தீபாவளியில் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்ததால் அவருக்கு நிமோனியாவே வந்திருந்தது.

உண்மையில் நடந்தது என்ன? மழை நிஜம். கேட் நிஜம். போட்டோக்களும் நிஜம். நிகம் அப்போது கிளாப் பலகை பிடிக்கிற பையன். கேட்டில் வந்து நிற்கிற பெண்களை விரட்டுவதும் அவர் வேலைதான். பசி நேரம். ஈரப் போட்டோவைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். "இந்த மூக்கை வெச்சுக்கிட்டு கேமரா முன்னாடி நிக்கப்போறியா? ஊருக்குப் போய் டீச்சர் வேலை பாரும்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அவ்வளவுதான் அவர் செய்த கண்டுபிடிப்பு.

இதை அவர் மனைவி பிமலாவிடம்கூடச் சொன்னதில்லை. வருஷக்கணக்காகக் கேட்டைத் திறந்து திறந்து, சில நாட்களில் தாமே அதை நம்பவும் நம்பினார். பாவம், வேறு என்ன இருந்தது அவரிடம்? சொந்தமாக ஒரு படம் எடுக்கவில்லை, பெயர் போட்ட ஒரு சுவரொட்டி இல்லை. லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் நகர்ந்து இடம் விடுவது அந்தக் கேட் ஒன்றுக்காகத்தான்.

இப்படியிருக்கையில் ரேவாவுக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. கூடவே ரேவாவின் அலுவலகத்திலிருந்து நிகமுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. மேடமின் ஆரம்ப காலத்தில் கூட இருந்தவர்களையெல்லாம் அழைக்கிறார்களாம், முன்வரிசையில் இடமாம்.

நிகமுக்குப் பாதி ஆனந்தம், பாதி பயம். எங்கள் தொழிலில் ஒரு சம்பிரதாயம் உண்டு. எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் முதல் வழி காட்டியவரை மேடையில் கண்டால் குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அந்த நிமிஷத்தில் படம் பிடிக்கத்தான் பத்திரிகைக்காரர்களே வருகிறார்கள். ஒருமுறை தொடப்பட்ட கால் அப்புறம் சும்மா இருக்காது. ரிப்பன் வெட்டப் போகும், நடுவராகப் போகும், பேட்டிக்குப் போகும். தம் கால்களுக்கு அந்த யோகம் உண்டா, அல்லது அவள் அந்த மழையை ஞாபகம் வைத்திருக்கிறாளா? இதை நினைத்து நினைத்து நிகமுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஏங்க, காலைப் போட்டு இந்தத் தேய் தேய்க்கிறீங்களே, தோல் உரிஞ்சிடப்போகுது" என்றாள் பிமலா.

"உனக்கென்ன தெரியும்? டிவில பெரிசாக் காட்டுவான்."

"உங்களையா?"

"காலை."

புதுச் சரிகைச் செருப்பு வந்தது. ஆசீர்வாதம் செய்கிற கை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று கண்ணாடி முன் ஒத்திகை நடந்தது. இதெல்லாம் நடப்பதைப் பார்க்கச் சாட்சி வேண்டாமா? பிமலாவோடு கட்டடத்து சொசைட்டியின் செயலாளர் ஷிரோத்கரையும் கூட்டிக்கொண்டு போனார்.

அரங்கின் முன்வரிசையில் கால் வைத்ததுமே நிகமுக்கு ஒரு சிறு அடி விழுந்தது. வரிசை முழுக்க அவர் இனம்தான். எல்லார் காலிலும் புதுச் செருப்பு. பக்கத்து நாற்காலியில் ஹோமி தாருவாலா. பார்சிக்காரர், பழைய ஸ்டில் கேமராக்காரர், ரேவாவின் முதல் படங்களை எடுத்ததாகச் சொல்லிக்கொள்பவர். நிகமின் பரம வைரி.

"வா நிகம், நல்லாருக்கியா? நீயும் கண்டுபிடிச்சவன் கணக்குல வந்தியா?" என்றார் ஹோமி.

"கணக்கென்ன கணக்கு? கேட்டைத் திறந்தது நானு. உள்ள வந்தப்புறம்தானய்யா நீ போட்டோ எடுத்தே!"

ஷிரோத்கர் அதைக் கேட்டுப் பெருமையாகத் தலையாட்டினார்.

ரேவா மேடைக்கு வந்தார். வெள்ளைப் புடவை, அந்த மூக்கு, அரங்கமே எழுந்து நின்று கைதட்டல். விருதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"என்னைக் கண்டுபிடிச்சதா நிறையப் பேர் சொல்றாங்க. எல்லாரும் நல்லா இருக்கட்டும். ஆனா என்னை உருவாக்குனது ஒரே ஒரு ஆளு. நான் இந்த ஊருக்கு வந்து நாலு நாளாகலை. ஒரு ஸ்டுடியோ வாசல்ல மழையில நிக்கிறேன். கிளாப் பலகையோட ஒருத்தர் வந்தாரு. என் போட்டோவைப் பார்த்துட்டு, 'இந்த மூக்கை வெச்சுக்கிட்டு கேமரா முன்னாடி நிக்கப்போறியா, ஊருக்குப் போய் டீச்சர் வேலை பாரும்மா'ன்னாரு."

அரங்கம் "ஐயையோ" என்றது. நிகமுக்கு உள்ளங்கால் சில்லிட்டது.

"லோக்கல் ரயில்ல அழுதுகிட்டே ரூமுக்குப் போனேன். பெட்டியைக் கட்டிட்டேன். ஆனா ராத்திரி அப்படியொரு கோவம் வந்துச்சு பாருங்க! இந்த மூக்கைத்தான்டா நீ சுவர் சுவரா பாக்கப்போறேன்னு பெட்டியை அவிழ்த்துட்டேன். அன்னிக்கு அவர் இரக்கப்பட்டு உள்ள விட்டிருந்தா, கூட்டத்துல தட்டு ஏந்துற தோழியா வந்து, அப்படியே போயிருப்பேன். அவர் முகம் மறந்துபோச்சு, பேச்சு மறக்கலை. அந்தப் புண்ணியவான் இந்த அரங்கத்துல இருந்தா தயவுசெஞ்சு எழுந்து நில்லுங்க. உங்க காலைத் தொட்டுக் கும்பிடணும்."

நினைத்துப் பாருங்கள் அந்த மனிதரின் நிலைமையை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஓர் உண்மை அவருக்காக வாசல் திறந்து நிற்கிறது. எழுந்தால் போதும். ஆனால் இடப்பக்கம் ஷிரோத்கர் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் திறந்த கேட் எத்தனை, கொடுத்த குடை எத்தனை! அவரைத் தாண்டி மனைவி, அவளிடம் சொன்ன நிமோனியாவை எங்கே கொண்டுபோய் வைப்பது? எழுந்தால் பொய்யன், உட்கார்ந்தால் ஒன்றுமே இல்லாதவன். வெட்கம் அவரைத் தோளைப் பிடித்து அழுத்திற்று. ஒரு கணம்தான் யோசித்தார்.

யோசிக்கலாமா? எங்கள் தொழிலில் யோசித்தவன் கெட்டான்.

"நான்தாம்மா அந்தப் பாவி!" என்று கதறிக்கொண்டு எழுந்தார் ஹோமி தாருவாலா. கண்ணில் நிஜமான நீர். "அன்னிக்கு கிளாப் பையன் வரலை, நான்தான் பலகையைப் பிடிச்சிருந்தேன்! என் வாய்ல புழு புழுக்க!" பின்வரிசையில் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள், ஆனால் தாமதம். ரேவா மேடையிலிருந்து ஓடி இறங்கிவந்து ஹோமியின் காலில் குனிந்துவிட்டார். கேமராக்கள் பளிச் பளிச்சென்றன. ஹோமியின் கை, ஒத்திகையே இல்லாமல், சரியான உயரத்தில் நின்றது.

அப்போதுதான் நிகம் எழுந்தார். உயிரைக் கொடுத்துக் கத்தினார்.

"பொய்! நான்தான் துரத்துனேன்! என் வாயால நான்தான் சொன்னேன் அந்த மூக்குப் பேச்சை! குஸும், நல்லாப் பாரு, நான்தாம்மா!"

ஷிரோத்கர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நிகம் சாப், உக்காருங்க, மானம் போகுது! நீங்க கேட்டைத் திறந்து உள்ள விட்ட நல்ல மனுஷராச்சே. விரட்டுனவனோட ஏன் போட்டிக்குப் போறீங்க?"

"நான் திறக்கலைய்யா!"

"சும்மா இருங்க. பத்து வருஷமா கேக்கறேன், எனக்குத் தெரியாதா? அடக்கத்துக்கும் ஓர் அளவு உண்டு."

ரேவா கை கூப்பி, பொதுவாக அந்தப் பக்கம் ஒரு புன்னகையை வீசிவிட்டு, ஹோமியின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துக்கொண்டு போனார். நிகம் உட்கார்ந்தார். அன்று அவருக்கு வந்த துக்கம் உண்மையான துக்கம். அதைக் கேலி செய்ய எனக்கே மனம் வரவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது, ஜுஹு தாண்டிய பிறகு பிமலா மெல்லக் கேட்டாள்.

"ஏங்க, நிஜமாவே நீங்கதான் விரட்டினீங்களா?"

"சத்தியமா நான்தான், பிமலா. உன் தலையில அடிச்சுச் சொல்றேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "போங்க. ஒரு காய்கறிக்காரனை விரட்டத் தெரியாது உங்களுக்கு. நீங்களாவது, ரேவாவை விரட்டறதாவது!"

ஹோமி இப்போது வாரத்துக்கு ஒரு ரிப்பன் வெட்டுகிறார். வர்சோவாவிலும் காற்று திசைமாறிவிட்டது. கண்டுபிடித்தவர் ஒருவரும் இல்லை, எல்லாரும் விரட்டியவர்களே. வடாபாவ்காரன்கூட, "உனக்கெல்லாம் பாவ் கிடையாது போன்னு சொன்னேன் சார், அந்த ரோஷத்துலதான் முன்னுக்கு வந்தா" என்கிறான். அத்தனை பேரையும் ஜனங்கள் நம்புகிறார்கள். நிகமை மட்டும் நம்பவில்லை.

என்ன, சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். இன்றைக்குப் பெரிய டாக்டராக இருக்கிற உங்கள் உறவுக்காரப் பையனைப் பற்றி, "நீ டாக்டருக்குப் படின்னு முதல்ல சொன்னதே நான்தான்" என்று கல்யாணப் பந்தியில் போன மாதம் சொல்லிக்கொண்டிருந்தது யார்? உங்களைத்தான் கேட்கிறேன். உண்மையில் அன்றைக்கு அவனிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கும் அவனுக்கும்தான் தெரியும். அவன் மறந்திருக்கமாட்டான். என்றைக்காவது ஒரு மேடையில் அவன் ஒலிபெருக்கியைப் பிடிக்கும்போது முன்வரிசையில் போய் உட்காருங்கள், தவறில்லை. ஆனால் அவன் உங்கள் வார்த்தையை எடுத்ததும் சட்டென்று எழுந்துவிடுங்கள். பக்கத்து நாற்காலிக்காரர் ஏற்கனவே செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார்.